ஓடும் வண்டியின் பின்னால் பிரிட்ஜ் எப்படிக் குளிர்கிறது?

வேனுக்குப் பின்னால் இழுத்துப் போகிற, தங்கும் வசதியுள்ள கேரவன் ட்ரெயிலரை ஒரு ஹோட்டல் முற்றத்தில் நிறுத்தி, 230 வோல்ட் வயரை இழுத்துச் செருகிவிட்டால் உள்ளே இருக்கிற பிரிட்ஜ், லைட், போன் சார்ஜர் எல்லாம் வீட்டில் ஓடுவது போலவே ஓடும். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. பேராதனையில் அந்த வயரைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு, கம்பளை, புசல்லாவை, ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும்போது என்ன நடக்கிறது? உள்ளே பாலும் இறைச்சியும் இருக்கின்றன. பிரிட்ஜுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது?

சுற்றுலாத் தொழிலுக்காக ட்ரெயிலர் வாங்கலாமா என்று யோசிக்கிற மலையகத் தம்பிமார் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். "வேன் ஓடுதுதானே அண்ணே, எஞ்சின் கரண்ட் போதாதா?" நியாயமான கேள்வி. வேனில் கரண்ட் இருக்கிறது. அது பின்னால் இருக்கிற பிரிட்ஜ் வரை எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதை விளங்கிக்கொண்டால், எதற்குக் காசு செலவழிக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கரண்ட் வரும் வழி

முன்னால் இருக்கிற வண்டியில் அல்டர்னேட்டர் இருக்கிறது. பழைய டிரைவர்மார் இன்றைக்கும் டைனமோ என்பார்கள். எஞ்சின் சுற்றும்போது பெல்ட் அதைச் சுற்றும், அது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை கொடுக்கும். வழக்கமான வேனிலோ ஜீப்பிலோ அதன் கொள்ளளவு 80 முதல் 130 அம்பியர் வரை இருக்கும். ஆனால் அதில் வண்டிக்கே ஒரு பங்கு போகும். மலையகத்தில் மூடுபனியும் மழையும் வந்துவிட்டால் ஹெட்லைட், வைப்பர், கண்ணாடி ஆவியைப் போக்கும் ஃபேன் எல்லாம் ஒன்றாக ஓடும். மிச்சம்தான் ட்ரெயிலருக்கு. வண்டி நின்று எஞ்சின் மட்டும் மெதுவாகச் சுற்றும்போது அந்த மிச்சமும் சுருங்கிவிடும், ஏனென்றால் குறைந்த சுற்றில் அல்டர்னேட்டர் தன் முழு அம்பியரைத் தராது. கண்டி நகர நெரிசலில் ஊர்ந்து போகும் அரை மணி நேரத்தைச் சார்ஜ் நேரம் என்று கணக்கில் எடுக்காதீர்கள்.

வண்டியையும் ட்ரெயிலரையும் இணைக்கிறது ஒரு பிளக். ஐரோப்பிய கேரவன்களில் 13 ஊசி உள்ள வட்டப் பிளக் வரும். முதல் எட்டு ஊசிகளும் சிக்னல், பிரேக் லைட், பின்லைட் போன்றவற்றுக்கு. நமக்கு முக்கியம் மற்றவை. 9ஆம் ஊசியில் எப்போதும் கரண்ட் இருக்கும், அது ட்ரெயிலர் பெட்டரிக்கானது. 10ஆம் ஊசியில் வண்டி ஓன் ஆகியிருக்கும்போது மட்டும் கரண்ட் வரும், அது பிரிட்ஜுக்கானது. இரண்டுக்கும் தனித்தனி எர்த், அதாவது கரண்ட் திரும்பி வரும் ஊசி, உண்டு. அமெரிக்க ட்ரெயிலரில் ஏழு ஊசிதான். அங்கே ஒரே ஒரு சார்ஜ் வயர் பெட்டரிக்குப் போகும், உள்ளே உள்ள 12 வோல்ட் சாமான்கள் எல்லாம் அந்தப் பெட்டரியில் தொங்கும். எந்த நாட்டு ட்ரெயிலரை வாங்கினாலும், எந்த ஊசியில் என்ன வருகிறது என்பதை மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே கராஜில் வயர் போடச் சொல்லுங்கள். நிறத்தை நம்பி இணைத்து பியூஸ் எரிவது அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது ட்ரெயிலரின் சொந்தப் பெட்டரி. வண்டி ஓடினாலும் நின்றாலும், வயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கரண்ட் கொடுப்பது இது ஒன்றுதான். சில ட்ரெயிலர்களில் மின்சார பிரேக் இருக்கும். ட்ரெயிலர் கொக்கியிலிருந்து கழன்றுவிட்டால் அந்த பிரேக்கைப் பிடிக்க வைப்பதும் இதே பெட்டரிதான். ஆகவே ஹக்கலையிலிருந்து வெலிமடைக்கு இறங்குகிற சரிவில், ட்ரெயிலர் பெட்டரி செத்துக் கிடப்பது பிரிட்ஜுக்கு மட்டும் ஆபத்தில்லை.

கூரையில் சோலார் தகடு இருந்தால் அதுவும் ஓடும்போதே கொஞ்சம் தரும். 100 வாட் தகடு நல்ல வெயிலில் ஐந்து அம்பியர் போலக் கொடுக்கும். நானுஓயாவில் பனி இறங்கிய பிற்பகலில் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இரண்டு வகைப் பிரிட்ஜ், இரண்டு வகைக் கணக்கு

கேரவன் பிரிட்ஜ் என்றால் இரண்டில் ஒன்று. எது என்று தெரியாமல் மேலே பேசவே முடியாது.

முதல் வகை வெப்பத்தால் குளிர்விப்பது. காஸ், 230 வோல்ட், 12 வோல்ட் மூன்றிலும் ஓடும். இதில் கம்ப்ரஸர் கிடையாது. அமோனியாக் கரைசலைச் சூடாக்கி, அந்தச் சுழற்சியில் குளிரை எடுக்கும். 12 வோல்ட்டில் அந்தச் சூட்டை ஒரு ஹீட்டர் கம்பி தரும். அது 150 வாட் போல இழுக்கும், அதாவது 12 முதல் 13 அம்பியர். பல மாடல்களில் 12 வோல்ட்டில் வெப்பக் கட்டுப்பாடே இயங்காது, விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். அவ்வளவு இழுத்தும், ஏற்கெனவே குளிர்ந்ததைக் குளிராகவே வைத்திருக்குமே தவிர, சூடான பிரிட்ஜைக் குளிர வைக்காது. அதனால் முந்தின இரவே 230 வோல்ட்டில் ஓட விட்டுக் குளிர வைக்க வேண்டும்.

காஸில் ஓட விட்டுக்கொண்டே போகலாமே என்று சிலர் நினைப்பார்கள். வேண்டாம். ஓடுகிற வண்டியில் உள்ளே சுவாலை எரிகிறது, சிலிண்டர் திறந்திருக்கிறது. அப்படியே பெற்றோல் ஷெட்டுக்குள் நுழைவதை நினைத்துப் பாருங்கள். புறப்படும் முன் சிலிண்டர் வால்வை மூடுவது என் வரையில் பேச்சுக்கே இடமில்லாத விஷயம். அத்துடன், 1,000 மீட்டருக்கு மேலே காற்றில் ஒக்சிஜன் குறைவதால் இந்தப் பிரிட்ஜ்களின் காஸ் அடுப்புப் பற்றுவதில் சிக்கல் வரலாம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போய்ச் சேர்ந்த பிறகு காஸ் பற்றவில்லை என்றால் உடனே பழுது என்று கழற்ற வேண்டாம்.

இந்த வகைக்கு இன்னொரு குணம் உண்டு. சரிவாக நிற்பது பிடிக்காது. ஓடும்போது குலுங்குவதால் சரிவிலும் உள்ளே திரவம் சுற்றிக்கொண்டிருக்கும், நின்றால்தான் சிக்கல். ரம்பொடை நீர்வீழ்ச்சியைப் பார்க்கச் சரிவில் நிறுத்தி ஒரு மணி நேரம் அப்படியே விட்டால் சுழற்சி நின்றுபோய், ஹீட்டர் மட்டும் சூடாகிக்கொண்டிருக்கும். திரும்பத் திரும்ப அப்படிச் செய்தால் குழாய்க்குள் உப்புப் படிந்து பிரிட்ஜ் ஒரேயடியாகப் போய்விடும். சரிவில் நிறுத்தினால் அணைத்துவிடுங்கள். கதவைத் திறக்காவிட்டால் குளிர் சில மணி நேரம் தாங்கும்.

இரண்டாவது வகை 12 வோல்ட் கம்ப்ரஸர் பிரிட்ஜ். வீட்டுப் பிரிட்ஜ் மாதிரியே, ஆனால் சின்ன மோட்டர். ஓடும்போது 45 வாட் போல எடுக்கும், குளிர்ந்ததும் நின்றுவிடும். மொத்த நேரத்தில் பாதிக்கும் குறைவாகவே ஓடும் என்பதால் சராசரியாக ஒன்றரை அம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் வகை கேட்கிற கரண்டில் எட்டில் ஒரு பங்குதான். நுவரெலியா, ஹட்டன், கந்தப்பளை பக்கம் வெளியே குளிராக இருப்பதால் இதைவிடக் குறைவாகவும் போகும். சரிவைப் பற்றியும் இது அவ்வளவாகக் கவலைப்படாது. இது பயப்படுகிற ஒரே விஷயம் குறைந்த வோல்ட். பெட்டரியைக் காப்பாற்ற, 10.4 வோல்ட் போல இறங்கினால் தானே அணைந்துவிடும்படி பல மோட்டர்கள் அமைக்கப்பட்டிருக்கும். அந்த 10.4 எங்கே அளக்கப்படுகிறது? பெட்டரியில் இல்லை, பிரிட்ஜின் முனையில். வயர் மெலிதாக இருந்தால் பெட்டரி நன்றாக இருக்கும்போதே பிரிட்ஜ் அணைந்து அணைந்து எழும்பும்.

வயர்தான் வில்லன்

தோட்டத்தில் லயத்துக்குத் தண்ணீர் வருகிற வழியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். மேலே ஊற்றில் தண்ணீர் நிறைய இருக்கிறது. அங்கிருந்து மெல்லிய குழாயை நீளமாக இழுத்துப் பீலிக்குக் கொண்டுவருகிறார்கள். பீலி மூடியிருக்கும்போது அழுத்தம் முழுதாக இருக்கும். திறந்ததும் நூல் போல ஒழுகும். ஊற்றில் ஒன்றும் குறையில்லை. குழாயின் நீளமும் ஒடுக்கமும்தான் காரணம்.

வயரும் அப்படியே. வண்டியின் பெட்டரியிலிருந்து ட்ரெயிலரின் பிரிட்ஜ் வரை ஏழு மீட்டர் என்று வைப்போம். கரண்ட் போக ஏழு, எர்த் வழியாகத் திரும்பி வர ஏழு, மொத்தம் 14 மீட்டர் செம்பு. வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் என்றால் அதன் தடை ஏறத்தாழ 0.1 ஓம். 13 அம்பியர் ஓடினால் 1.3 வோல்ட் வழியிலேயே போய்விடும். அல்டர்னேட்டரில் 13.8, பிரிட்ஜில் 12.5. ஹீட்டரின் சூடு வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பதால், பத்தில் ஒரு பங்கு வோல்ட் போனால் ஐந்தில் ஒரு பங்கு சூடு போய்விடும். குளிரும் அதற்கேற்பக் குறையும்.

பெட்டரிக்கு இது இன்னும் மோசம். ஈயப் பெட்டரி நன்றாகச் சார்ஜ் ஆக 14.4 வோல்ட் வேண்டும். ஒரே சார்ஜ் வயரில் பிரிட்ஜும் பெட்டரியும் தொங்கினால், பிரிட்ஜ் இழுக்கிற இழுப்பில் வயர் முனையில் 12.5தான் இருக்கும். பெட்டரியிலும் 12.5 இருந்தால் கரண்ட் நகராது. கொழும்பிலிருந்து நுவரெலியா வரை எஞ்சின் ஓடியிருக்கும், பெட்டரி ஒரு அம்பியர்கூட ஏறியிருக்காது. "வழியெல்லாம் சார்ஜ் ஆச்சுதானே, அப்புறம் ராத்திரி ஏன் லைட் மங்குது?" என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் விடை.

அதே நீளத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு அரை வோல்ட் அளவுக்கு இறங்கும். 10 போட்டால் அதற்கும் குறைவு. வயர் வாங்கும்போது செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று வெட்டிப் பாருங்கள். நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம், அதில் இழப்பு கூடும்.

இனி பிளக். நம் பக்கத்து ஈரம் இதை வேகமாகத் தின்றுவிடும். ஒரு வருடம் மழையில் ஓடிய பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிக்னல் ஊசிகள் மங்கலாக இருந்தாலும் பெரும்பாலும் சமாளிக்கும். சார்ஜ் ஊசியின் அடியில் பச்சைப் பொடி பூத்திருக்கும். அதைச் சுற்றிய கறுப்புப் பிளாஸ்டிக் கொஞ்சம் பழுப்பேறி, ஊசி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். சாய்ந்ததற்குக் காரணம் அடிபட்டது இல்லை, சூடு. அந்தப் பச்சைப் பூஞ்சணம் 0.1 ஓம் தடை சேர்த்தாலே, 13 அம்பியரில் 17 வாட் சூடு அந்த ஒரு ஊசியில் உண்டாகும். பிளாஸ்டிக் இளகும், பிடிப்புத் தளரும், தடை இன்னும் கூடும், சூடும் கூடும். ஒரு மணி நேரம் ஓடியபின் இறங்கி பிளக்கைக் கையால் தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாவிட்டால் அங்கேயே பிரிட்ஜ் வயரைக் கழற்றுங்கள். ஊசிகளைச் சுரண்டித் துடைத்து, மின் இணைப்புக்கான கிரீஸ் தடவி, மூடியைச் சரியாக மூடி வைத்தால் பாதிப் பிரச்சினை வராது. அதிகக் கரண்ட் வேண்டியவர்கள் சார்ஜுக்கு மட்டும் தனியாக 50 அம்பியர் ஆண்டர்சன் பிளக் போடுகிறார்கள். அவுஸ்திரேலியாவில் அது சாதாரணம். எனக்கும் அதுதான் பிடித்த வழி.

வளைவையும் மறக்க வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் ட்ரெயிலர் வண்டிக்கு எவ்வளவு கோணமாகத் திரும்புகிறதோ, அவ்வளவுக்குத் தொங்கு வயர் நீள வேண்டும். சமதரையில் நிறுத்தி அளந்த வயர் ரம்பொடை வளைவில் இழுபட்டுப் பிளக்கைக் கழற்றிவிடும். அதிகமாக விட்டால் தரையில் உரசித் தோல் கிழியும். முழுக்கத் திருப்பி நிறுத்திப் பார்த்து நீளத்தை முடிவு செய்ய வேண்டும். பெட்டரி இரண்டு முனையிலும் இருப்பதால் பியூசும் இரண்டு முனையிலும் வேண்டும். நடுவில் வயர் கிழிந்து வண்டியின் இரும்பு உடம்பில் பட்டால், வண்டிப் பக்க பியூஸ் எரிந்தாலும் ட்ரெயிலர் பெட்டரி பின்னாலிருந்து கரண்டை ஊட்டிக்கொண்டே இருக்கும். தீ அப்படித்தான் பிடிக்கிறது.

ஏற்றத்தில் ஒரு கணக்கு, இறக்கத்தில் ஒரு கணக்கு

பழைய வேன்களில் அல்டர்னேட்டர் எப்போதும் ஒரே மாதிரி வோல்ட் கொடுக்கும். புது வண்டிகளில் கம்ப்யூட்டர் அதைக் கட்டுப்படுத்துகிறது. எரிபொருளை மிச்சம் பிடிக்க, வண்டிப் பெட்டரி நிறைந்துவிட்டால் 12.5 வோல்ட் அளவுக்குக்கூட இறக்கிவிடும். எஞ்சினுக்குப் பாரம் கூடும்போது அல்டர்னேட்டரின் சுமையைக் குறைத்து, முழுப் பலத்தையும் சக்கரத்துக்குக் கொடுக்கும். கால் எடுத்து இறங்கும்போது வோல்ட்டை 14க்கு மேலே தூக்கி, வீணாகப் போகிற வேகத்தைப் பெட்டரியில் பிடிக்கும்.

சமதரை நாட்டுக்காரர்களுக்கு இது ஒரு சின்ன விபரம். நமக்கு இது முழுப் பயணத்தையும் மாற்றும். கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது எஞ்சின் திணறிக்கொண்டிருக்க, ட்ரெயிலருக்கு மிகக் குறைவாகத்தான் போகும். ஹப்புத்தளையிலிருந்து பெரகலைப் பக்கமாக இறங்கும்போது நிறையப் போகும். எஞ்சின் அதிகமாக உறுமுகிறது, அதனால் அதிகமாகச் சார்ஜ் ஆகும் என்ற எண்ணம் இந்த வண்டிகளில் தலைகீழ்.

இதற்கு மருந்து டிசி-டிசி சார்ஜர். ட்ரெயிலர் பெட்டரிக்குப் பக்கத்தில் பொருத்துவார்கள். வந்து சேர்வது 12 வோல்ட்டாக இருந்தாலும் அதை 14.4 ஆக உயர்த்திப் பெட்டரிக்குக் கொடுக்கும். லித்தியம் பெட்டரி போட்டவர்களுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன். லித்தியத்தின் உள்தடை குறைவு, விட்டால் அல்டர்னேட்டரைச் சூடேற்றிக் கெடுக்குமளவுக்கு இழுக்கும். சார்ஜர் அதற்கு ஓர் எல்லை போடும். ஆனால் சார்ஜர் கரண்டைப் படைக்காது. 20 அம்பியரை 14.4 வோல்ட்டில் கொடுக்க, 12 வோல்ட் பக்கத்தில் ஏறத்தாழ 27 அம்பியர் இழுக்கும். அதனால் சார்ஜர் வாங்கிவிட்டுப் பழைய மெல்லிய வயரை அப்படியே விட்டால், வயர் முன்பைவிட அதிகமாகச் சூடாகும். ஏழு மீட்டருக்கு 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் நிம்மதி.

வண்டி நிற்கும்போது இணைப்பைத் துண்டிக்க ஒரு ரிலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புசல்லாவையில் தேநீர் குடிக்க இறங்கும் நேரத்தில் ஹீட்டர் பிரிட்ஜ் வண்டியின் பெட்டரியை 13 அம்பியர் வீதம் குடிக்கும். சின்னப் பெட்டரி என்றால் இரண்டு மணி நேரத்தில் ஸ்டார்ட் எடுக்காது. வோல்ட்டைப் பார்த்துத் தானே இணைந்து பிரியும் ரிலேக்கள் பழைய வண்டிக்குச் சரி. புது வண்டியில் வோல்ட் ஏறி இறங்குவதால் அது எஞ்சின் ஓடும்போதே பிரிந்துவிடும்.

அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்களில் அல்டர்னேட்டரே இல்லை. பெரிய பெட்டரியிலிருந்து ஒரு மாற்றி 12 வோல்ட்டைத் தரும், அது வண்டியின் சொந்தத் தேவைக்கு அளந்து வைத்தது. அதில் ட்ரெயிலர் பாரத்தைத் தொங்கவிட வேண்டாம்.

நம் தூரத்துக்கு எவ்வளவு வேண்டும்?

இங்கேதான் என் கருத்து வெளிநாட்டு அறிவுரைகளிலிருந்து விலகுகிறது. அமெரிக்காவில் ஒரு நாள் முழுக்க, எட்டு மணி, பத்து மணி நேரம் இழுத்துக்கொண்டே போவார்கள். அவர்களுக்கு ஓடும்போது வரும் கரண்ட் உயிர் மாதிரி. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு 80 கிலோமீட்டருக்குள்தான், ட்ரெயிலரோடு மெதுவாகப் போனாலும் மூன்று, மூன்றரை மணி நேரம். கம்ப்ரஸர் பிரிட்ஜ் அந்த நேரத்தில் ஐந்து அம்பியர்-மணி (ஒன்றரை அம்பியரை மூன்றரை மணியால் பெருக்கியது) போலத்தான் எடுக்கும். 100 அம்பியர்-மணி ஈயப் பெட்டரியில் பாதியை எடுக்கலாம் என்று வைத்தால் 50 இருக்கிறது. வண்டியிலிருந்து ஒரு துளிகூட வராவிட்டாலும் பிரிட்ஜ் ஓடும், இரவுக்கு லைட்டும் மிஞ்சும்.

ஆகவே தங்குகிற இடத்தில் 230 வோல்ட் கிடைக்கும் என்றால், பெரிய டிசி-டிசி சார்ஜருக்கு அவசரப்பட வேண்டாம். அந்தக் காசை நல்ல பெட்டரிக்கும் கம்ப்ரஸர் பிரிட்ஜுக்கும் போடுங்கள். எல்லப் பக்கம், ஹோர்ட்டன் சமவெளி அடிவாரம் என்று பிளக் இல்லாத இடங்களில் இரண்டு மூன்று நாள் தங்க வைக்கிற தொழில் என்றால் கதை வேறு. அப்போது ஓடும் நேரம்தான் உங்கள் ஒரே சார்ஜ் நேரம், தடித்த வயரும் சார்ஜரும் வேண்டும்.

ஏப்ரல் சீசனில் நுவரெலியா கிரகரி வாவிப் பக்கம் ஐஸ்கிரீம் ட்ரெயிலர் போட நினைக்கிறவர்களுக்கும் கணக்கு மாறும். கடையில் வாங்கும் 150 வாட் ஃப்ரீஸரை, 12 வோல்ட்டை 230 ஆக்கும் இன்வேர்ட்டரில் ஓட்டினால், இன்வேர்ட்டரின் இழப்பையும் சேர்த்து 12 வோல்ட் பக்கத்தில் 15 அம்பியர் போகும். பாதிக்கு மேல் நேரம் ஓடும் என்பதால் சராசரி ஒன்பது. மூன்று மணி நேரத்தில் 27 அம்பியர்-மணி, மேலே சொன்ன பெட்டரியில் எடுக்கக்கூடியதில் பாதிக்கு மேல். மோட்டர் எழும்பும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும் என்பதால் சின்ன இன்வேர்ட்டர் கத்திவிட்டு அணையும். இதற்கு இரவே ஃப்ரீஸரை அடியாழம் வரை உறைய வைத்து, அணைத்துவிட்டு, கதவை இறுகப் பூட்டிக்கொண்டு போவது மிகச் சுலபமான வழி. நிறைந்த ஃப்ரீஸர் அந்த மூன்று மணி நேரத்தை நன்றாகவே தாங்கும்.

கேத்தல், மைக்ரோவேவ், ஏசி இதையெல்லாம் ஓடும்போது நினைக்கவே வேண்டாம். 2,000 வாட் கேத்தல் 12 வோல்ட்டில் 160 அம்பியருக்கு மேல் கேட்கும். அல்டர்னேட்டர் முழுவதையும் கொடுத்தாலும் காணாது.

புறப்படும் முன் ஒரு சோதனை. சாதாரண மல்டிமீட்டர் போதும். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பிரிட்ஜை 12 வோல்ட்டில் ஓன் செய்துவிட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். பாரம் இல்லாமல் அளப்பதில் பயனில்லை, மூடிய பீலி மாதிரி எல்லாம் சரியாகவே காட்டும். இப்போது வண்டிப் பெட்டரியின் இரண்டு முனையிலும் அளந்து எழுதுங்கள். அடுத்துப் பிரிட்ஜின் பின்னால் அதன் இரண்டு முனையிலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் என்றால் புறப்படலாம். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், அடுத்து எர்த் போல்ட்டில் துரு இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டும் சுத்தமாக இருந்தால்தான் வயரை மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.